அழகா? சுகமா? வேகமா? மோட்டார் சைக்கிள் மேதை எட்வர்டு டர்னரின் கதை

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிற வாலிபர் முதலில் எதைப் பார்க்கிறார்?

என்ஜினை அல்ல. பிரேக்கை அல்ல. வண்டியின் அழகைத்தான் பார்க்கிறார். பெட்ரோல் டாங்கின் வளைவும், பெயிண்டின் நிறமும், சைலன்சரின் பளபளப்பும் அவரைக் கடைக்குள் இழுக்கின்றன. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து 50 மைல் ஓட்டிய பிறகுதான், இடுப்பு வலிக்கிறதா, கை மரத்துப் போகிறதா என்பது தெரிகிறது.

வாங்குகிறவரின் இந்த மனதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் இங்கிலாந்து நாட்டு எட்வர்டு டர்னர்.

'டிரையம்ப்' மோட்டார் சைக்கிளுக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தவர் அவர். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய பாணியில் இன்று செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களில் அவருடைய கைவண்ணம் தெரிகிறது.

அழகால் அவர் பெரிய வெற்றி பெற்றார். அதே அழகால் சறுக்கியும் விழுந்தார். இரண்டுமே வண்டி வாங்குகிறவர்களுக்கு நல்ல பாடம்.

கடைக்காரர்

டர்னர் 1901-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி லண்டனில் பிறந்தார். வாலிப வயதில் சில காலம் கப்பலில் வேலை பார்த்தார். பிறகு லண்டனில் பெக்காம் என்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் கடை வைத்தார்.

வண்டி விற்பார். பழுது பார்ப்பார். கூடவே, புதிய என்ஜின்களுக்குப் படமும் வரைவார். சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளையே செய்து ஓட்டினார்.

1928-ம் ஆண்டு அவருக்கு ஒரு புது யோசனை தோன்றியது. நாற்காலியின் நான்கு கால்களைப் போல, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாக நான்கு சிலிண்டர்களை வைத்தால் என்ன? என்ஜின் நீளமாக இராது. ஓட்டமும் மிருதுவாக இருக்கும்.

படத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 'பி.எஸ்.ஏ.' கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 'ஏரியல்' கம்பெனியின் ஜாக் சாங்ஸ்டர் என்பவர் கை கொடுத்தார். 1930-ம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் 'ஸ்கொயர் போர்' என்ற பெயரில் அந்த வண்டி வந்தது. எல்லோரும் வியந்தார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பின்னால் இருந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் காற்று சரியாகக் கிடைக்கவில்லை. அவை சூடேறின. யோசனை எவ்வளவு அருமையாக இருந்தாலும், சாலையில் ஓடும்போதுதான் அதன் குணம் தெரியும்!

புலி பிறந்தது

1936-ம் ஆண்டு டிரையம்ப் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவு விலைக்கு வந்தது. சாங்ஸ்டர் அதை வாங்கினார். 35 வயது டர்னரை அதற்கு ஜெனரல் மானேஜராக நியமித்தார். வண்டிகளை வடிவமைக்கும் பொறுப்பும் அவருக்கே.

கோவென்ட்ரி நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நல்ல வண்டிகள் தயாராகிக் கொண்டிருந்தன. வால் பேஜ் என்ற கெட்டிக்காரர் அவற்றை வடிவமைத்திருந்தார். வண்டிகள் உறுதியானவை. ஆனால் பார்ப்பதற்கு எடுப்பாக இல்லை.

டர்னர் என்ன செய்தார்? என்ஜினின் அடிப்படையை மாற்றவில்லை. டாங்குக்குக் குரோமியப் பூச்சுக் கொடுத்தார். வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தார். சைலன்சர் குழாயை மேல் நோக்கி வளைத்தார். உலோகப் பகுதிகளைக் கண்ணாடி போல் மெருகேற்றினார். டைகர் 70, டைகர் 80, டைகர் 90 என்று பெயரும் வைத்தார். டைகர் என்றால் புலி. 70, 80, 90 என்பவை மணிக்கு அத்தனை மைல் வேகம் போகும் என்பதைச் சொல்லாமல் சொல்லின.

வண்டிகள் விற்கத் தொடங்கின. அழகுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை டர்னர் கண்டுகொண்டார்.

இரட்டைச் சிலிண்டர்

அழகை மட்டும் நம்பி அவர் நின்றுவிடவில்லை. 1937-ம் ஆண்டு 'ஸ்பீடு டுவின்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். அவருடைய வாழ்க்கையில் பெரிய வெற்றி அதுதான்.

அதில் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 500 சி.சி. என்ஜின். அந்த நாளில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரே சிலிண்டர்தான். புதுமையைக் கண்டு மிரளும் வாடிக்கையாளர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். அவர்கள் மிரளாதபடி, தூரத்தில் பார்த்தால் ஒற்றைச் சிலிண்டர் என்ஜினைப் போலவே தெரியுமாறு அதைச் சிறியதாகச் செய்தார் டர்னர்.

ஒற்றைச் சிலிண்டர் டைகர் 90 வண்டியைவிட அது எடை குறைவு. விலையோ சுமார் 5 பவுன்தான் அதிகம். மணிக்கு 90 மைலுக்கு (145 கி.மீ.) மேல் பறந்தது. கருஞ்சிவப்பு நிறத்தில் ஜொலித்தது. லண்டன் போலீசாரும் அதை வாங்கினார்கள்.

அழகு, எடைக் குறைவு, வேகம், கட்டுப்படியாகும் விலை ஆகிய நான்கும் ஒரே வண்டியில் சேர்ந்தன. மற்ற கம்பெனிகளும் பின்னால் இதே மாதிரி என்ஜின் செய்ய ஓடி வந்தன.

இந்த என்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கும். அதனால் சத்தம் சீராக, கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதிர்வை முழுவதும் அடக்க முடியாது. 500 சி.சி. என்ஜினில் அது பெரிதாகத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது.

அடிமேல் அடி

புகழின் உச்சியில் இருந்த டர்னருக்குத் துயரம் வந்தது. 1939-ம் ஆண்டு அவர் மனைவி எடித் கார் விபத்தில் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு இன்னொரு அடி. 1940 நவம்பர் 14-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரி நகரத்தின் மீது குண்டு மாரி பொழிந்தன. டிரையம்ப் தொழிற்சாலை நாசமாயிற்று. பக்கத்தில் மெரிடன் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலை கட்டினார்கள். 1942-ம் ஆண்டு அங்கே வேலை தொடங்கியது.

சக்கரத்துக்குள் ஸ்பிரிங்

போர் முடிந்தது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் ஒரு குறையைச் சொன்னார்கள். பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு அதிர்ந்தது.

ஸ்பிரிங் வைக்கப் பிரேமின் பின்பகுதியை மாற்றவேண்டும். மாற்றினால் செலவு ஆகும். வண்டியின் ஒல்லியான அழகும் போய்விடும். டர்னர் ஒரு தந்திரம் செய்தார். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பெரிதாக்கி, அதற்குள்ளேயே ஸ்பிரிங்கை ஒளித்து வைத்தார்!

வெளியே பார்த்தால் வண்டி பழைய அழகோடு இருந்தது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் அசைய 2 அங்குல இடம்தான் கிடைத்தது. சக்கரத்தின் எடை கூடிவிட்டது. உள்ளே தேய்மானம் ஏற்பட்டதும், வளைவுகளில் வண்டி ஆட்டம் கொடுத்தது. ஸ்பிரிங் மிகவும் அழுத்தி வைக்கப்பட்டிருந்ததால், தெரியாமல் பிரித்த மெக்கானிக்குக் காயம் ஏற்படும் அபாயமும் இருந்தது.

கண்ணுக்கு விருந்து, முதுகுக்கு அரை மருந்து! 1954-ம் ஆண்டு முதல், பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்த பிரேம் வரத் தொடங்கியது. சக்கரத்துக்குள் இருந்த ஸ்பிரிங் மறைந்தது.

முதலாளியே ஓட்டினார்

டர்னர் அழகுப் பைத்தியம் மட்டும் அல்ல. வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார்.

1949-ம் ஆண்டு 650 சி.சி. 'தண்டர்பேர்டு' வண்டியைக் கொண்டுவந்தார். பாரிஸ் அருகே மான்ட்லெரி பந்தயப் பாதையில் மூன்று வண்டிகளை விட்டார்கள். ஒவ்வொன்றும் 500 மைல் தூரத்தை மணிக்குச் சராசரி 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி முடித்தது. பின்னர் அதே வண்டிகளிலேயே இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள்! 1953-ம் ஆண்டு வந்த 'தி வைல்டு ஒன்' என்ற அமெரிக்கப் படத்தில் நடிகர் மார்லன் பிராண்டோ ஓட்டுவது தண்டர்பேர்டுதான்.

அதே ஆண்டு 150 சி.சி. 'டெரியர்' வந்தது. அப்போது டர்னருக்கு வயது 52. அவரும், கம்பெனியின் பெரிய அதிகாரிகள் இருவரும் ஆளுக்கு ஒரு டெரியரில் ஏறினார்கள். பிரிட்டனின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி வரை ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 36 மைலுக்கு மேல். ஒரு காலன் பெட்ரோலுக்கு 108 மைல் கிடைத்தது. தான் விற்கும் வண்டியில் தானே உட்கார்ந்து பார்த்த முதலாளி அவர்.

குளியல் தொட்டி

1957-ம் ஆண்டு டர்னர் வேறு ஒரு சோதனை செய்தார். 350 சி.சி. வண்டி ஒன்றின் பின்பகுதி முழுவதையும் தகட்டால் மூடினார். எண்ணெயும் சேறும் உடையில் படாது. துடைப்பதும் சுலபம். ஓட்டுகிறவருக்கு உண்மையில் அது சௌகரியம்தான்.

ஆனால் வாலிபர்கள் முகம் சுளித்தார்கள். கவிழ்த்து வைத்த குளியல் தொட்டி என்று கேலி செய்தார்கள். என்ஜினும், சக்கரமும், ஷாக் அப்சார்பரும் வெளியே தெரிந்தால்தான் அவர்களுக்கு அது மோட்டார் சைக்கிள். அமெரிக்காவில் வியாபாரிகள் தகடுகளைக் கழற்றிவிட்டே விற்றார்கள். சில ஆண்டுகளில் கம்பெனியும் அந்தத் தகட்டைக் கைவிட்டது.

முன்பு அழகுக்காகச் சுகத்தைக் குறைத்தார், சறுக்கினார். இப்போது சுகத்துக்காக அழகை மூடினார்; மறுபடியும் சறுக்கினார்.

போனவில்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற உப்புச் சமவெளி இருக்கிறது. 1956-ம் ஆண்டு, டிரையம்ப் 650 சி.சி. என்ஜின் பொருத்திய நீளமான வண்டியில் ஜானி ஆலன் என்ற வீரர் அங்கே மணிக்கு 214 மைல் வேகத்தில் பறந்தார்.

அமெரிக்க வாலிபர்கள் இன்னும் வேகமான வண்டி கேட்டார்கள். இரண்டு கார்பரேட்டர் வைத்த என்ஜின் வேண்டும் என்றார்கள். டர்னர் முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார். 1959-ம் ஆண்டுக்கான புது வண்டியாக 'போனவில்' வந்தது. 46 குதிரை சக்தி!

ஆனால் அதற்குப் பெரிய மட்கார்டும், முன் விளக்கை மூடிய கவசமும் வைத்திருந்தார்கள். பார்ப்பதற்குக் குடும்பஸ்தர் வண்டி போல் இருந்தது. அமெரிக்கர்கள் குறை சொன்னார்கள். மறு ஆண்டே மட்கார்டு மெலிந்தது. முன் விளக்கு தனியாக வந்தது. பிறகு போனவில் பெயர் ஊர் ஊராகப் பரவியது.

வேகம் கூடியபோது பழைய குறைகளும் வெளியே வந்தன. அதிர்வு கையை மரத்துப் போகச் செய்தது. 1960-ம் ஆண்டின் புதிய பிரேம் முன்பக்கத்தில் விரிசல் கண்டது. இன்னொரு குழாய் சேர்த்து அதைப் பலப்படுத்தினார்கள். 1963-ம் ஆண்டில் பிரேமையே மாற்றினார்கள். டக் ஹீல் என்ற என்ஜினீயர் அதை மேலும் திருத்தினார். 1969-ம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் போனவில்லை ஓட்டி, மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்தார்.

லண்டன் வாலிபர்களோ வேறு வேலை செய்தார்கள். ஹேண்டில் பாரைத் தாழ்த்தினார்கள். கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பந்தய வீரரைப் போல டாங்கின் மேல் படுத்து ஓட்டினார்கள். பார்க்க அழகுதான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கும். ஆனால் நகரத்து நெரிசலில் காற்று ஏது? உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்.

மறைந்தும் மறையாதவர்

டர்னர் 1960-ம் ஆண்டு ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழிற்சாலைகளைப் பார்த்தார். பெரிய போட்டி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். 1960-களின் நடுவில் பொறுப்பிலிருந்து விலகினார். 1973 ஆகஸ்டு 15-ந் தேதி, 72-வது வயதில் காலமானார். மெரிடன் தொழிற்சாலையும் 1983-ல் மூடப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. ஜான் புளூர் என்ற தொழிலதிபர் டிரையம்ப் பெயரை வாங்கி, ஹிங்க்லி நகரில் தொழிற்சாலை கட்டினார். 2000-ம் ஆண்டு போனவில் மறுபிறவி எடுத்தது. பழைய முகம், புதிய உடம்பு. அதிர்வை அடக்க என்ஜினுக்குள் தனித் தண்டுகள் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கார்பரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் நவீனக் கருவி வந்தது. அந்தக் கருவியையும் பழைய கார்பரேட்டர் போலவே உருவம் செய்து மாட்டினார்கள்!

2004-ம் ஆண்டு, தாழ்ந்த ஹேண்டில் பாருடன் 'திரக்ஸ்டன்' என்ற பந்தய பாணி வண்டியும் வந்தது. 2023-ம் ஆண்டு முதல் டிரையம்ப் 'ஸ்பீடு 400' நம் நாட்டிலேயே, மராட்டிய மாநிலம் சாக்கனில், பஜாஜ் தொழிற்சாலையில் தயாராகிறது. அதன் டாங்கிலும் பழைய அழகின் சாயல் உண்டு.

இப்படிப்பட்ட வண்டியை வாங்க நினைப்பவர் டர்னரின் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வண்டியின் அழகைப் பார்த்து ரசிப்பவர் தெருவில் நிற்கிறார். ஓட்டுகிறவருக்கோ டாங்கின் முதுகும், முன்னால் போகும் சாலையும்தான் தெரியும். ஆகையால் கடையில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் மட்டும் போதாது. ஏறி உட்காரவேண்டும். கால் தரையில் ஊன்றுகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பின் இருக்கையில் உட்காரப் போகும் மனைவியையும் அழைத்துச் சென்று, மேடு பள்ளமான தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஸ்பீடு டுவின் வென்றதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. அழகுக்கு ஏற்ற குணமும் அதில் இருந்தது. அழகும் குணமும் சேர்ந்தபோதெல்லாம் டர்னர் வென்றார். பிரிந்தபோதெல்லாம் தோற்றார்.