ஊற்றுக்கண் தேடியவர்

பிரஷ்ய நாட்டின் பொமரேனியாப் பகுதியில், ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் 1821ஆம் ஆண்டு பிறந்தவர் ருடால்ஃப் விர்ச்சோ. எளிய குடும்பத்துப் பிள்ளையாதலின், படைமருத்துவர்க்கான உதவித்தொகை பெற்றே பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1843இல் பட்டம் பெற்றபின், சாரிட்டே மருத்துவமனையில் இறந்தோர் உடல்களை அறுத்து ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது.

திடீரென மூச்சுத் திணறி இறந்தவர்களின் நுரையீரல் தமனிகளில் குருதிக்கட்டிகள் அடைத்திருப்பதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். அழற்சியுற்ற தமனியில் அவை அங்கேயே உறைந்தன என்பது பாரிஸ் நகரப் பேரறிஞர் குருவேலியே முதலானோர் கொள்கை. விர்ச்சோவுக்கு அதில் ஐயம் எழுந்தது. கட்டி இருந்த இடத்தில் தமனியின் சுவர் பெரும்பாலும் பழுதின்றி இருந்தது. அதே உடலின் கால் சிரைகளை அவர் திறந்து பார்த்தார். அங்கும் ஒரு கட்டி இருந்தது. அதன் முறிந்த முனையும் நுரையீரலில் கிடைத்த துண்டின் முனையும் சில உடல்களில் ஒன்றோடொன்று பொருந்தின!

காலில் உறைந்த குருதி துண்டாகிப் பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள் தள்ளப்படுகிறது. தமனி கிளைத்துக் குறுகும் இடத்தில் மேலே செல்ல இயலாமல் சிக்கிக்கொள்கிறது. இதுவே அவர் கண்ட வழித்தடம். ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர்த் துண்டுகளையும் குருதிக்கட்டிகளையும் செலுத்திப் பார்த்தார். அவை நுரையீரல் தமனிகளிலேயே போய்த் தங்கியிருந்தன. 1846இல் இம்முடிவுகள் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு அகவை இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. திராம்போசிஸ், எம்போலிசம் என இன்றும் மருத்துவர் வழங்கும் சொற்கள் அவர் ஆக்கியவையே.

நோய் தோன்றிய இடத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் இப்பழக்கம் அவரை மருத்துவமனைக்கு வெளியிலும் இட்டுச் சென்றது. 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய அரசு அவரை அனுப்பியது. மருந்துப் பட்டியலை எதிர்பார்த்த அரசுக்குக் கிடைத்ததோ வறுமை, கல்லாமை, உரிமையின்மை ஆகியவற்றைச் சாடும் அறிக்கை. அவ்வாண்டுப் புரட்சியிலும் அவர் பங்கேற்றார். அடுத்த ஆண்டே பெர்லின் பணியை இழந்து வூர்ட்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது.

1856இல் பெர்லினே அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. உயிரணு நோயியல் குறித்த அவரது புகழ்பெற்ற நூல் 1858இல் வெளிவந்தது. யானைக்கும் அடிசறுக்கும், நுண்ணுயிரிகளே நோய்க்குக் காரணம் என்ற புதிய கருத்தை ஏற்க அவர் நெடுங்காலம் தயங்கினார். ஆயினும் பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைய நகர மன்றத்தில் முன்னின்று உழைத்தவரும் அவரே.

1902 சனவரியில், எண்பது வயதிலும் ஓடும் டிராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கியபோது அவரது தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் உடல் தேறவேயில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பெர்லினில் காலமானார்.