ஜார்ஜ் ஸ்டீபன்சன்

தைப்பூச நாளில் சோதி தரிசனம் காண வடலூருக்கு வரும் அன்பர் கூட்டம் மிகப் பெரிது. இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டில் அங்குத் தருமச்சாலையை நிறுவிய நாளில், மக்கள் பெரும்பாலும் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் வந்தனர். இன்றோ விருத்தாசலத்திற்கும் கடலூருக்கும் இடையே ஓடும் இரயில் வண்டி வடலூரிலும் நின்று செல்கிறது.

மாட்டு வண்டிக்கும் இரயில் வண்டிக்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. எருது குளம்பை ஊன்றித் தரையை உந்துகிறது. வண்டிச் சக்கரம் அதன் பின்னே உருண்டு வருகிறது. இரயில் எஞ்சினுக்கு எருது இல்லை. அதன் சக்கரமே தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தண்டவாளம் அச்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இதற்குத் துணையாவது உராய்வினால் உண்டாகும் பிடிப்பு. பிடிப்புப் போதாதாயின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. வழுவழுப்பான இரும்பை வழுவழுப்பான இரும்பு பற்றுமோ என்னும் ஐயம் ஒரு காலத்தில் அறிஞரையும் மருட்டியது. அவ்வையத்தை அகற்றி, உலகம் இரயில் பாதை பெறப் பாடுபட்டோருள் தலைசிறந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன்.

அவர் 1781ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள வைலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்திற்குத் தீ மூட்டும் தொழிலாளி. அறுவர் மக்களைக் காப்பதற்கே அவருடைய கூலி போதவில்லை. பள்ளிக்கு அனுப்புவது எங்ஙனம்? சிறுவர் ஜார்ஜ், நாளொன்றுக்கு இரண்டு பென்சுக் கூலிக்கு மாடு மேய்த்தார். வீட்டின் முன்னே மரத்தண்டவாளத்தின் மீது குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் செல்லும். அக்காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பதினேழாம் வயதில் அவர் எந்திரக் காவலரானார். ஆயினும் தம் பெயரை எழுதவும் அறியார். அறியாமையை எண்ணி நாணி ஒடுங்காமல், பதினெட்டாம் வயதில் இரவுப் பள்ளியிற் சேர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றார். ஓய்வு நேரத்தில் காலணியும் கடிகாரமும் செப்பனிட்டுப் பொருள் ஈட்டினார். இளம் மனைவி 1806ஆம் ஆண்டில் இறந்தார்; தந்தையாரும் எந்திர விபத்தொன்றில் கண்பார்வை இழந்தார். இத்துன்பங்களுக்கிடையிலும் ஒரே மகன் ராபர்ட்டை நல்ல பள்ளிக்கு அனுப்பினார். மகன் கற்ற நூல்களை மாலையில் தாமும் உடனிருந்து கற்றார்.

பிறர் சீர்செய்ய இயலாத நீரிறைக்கும் எந்திரமொன்றை 1811இல் அவர் செம்மைப்படுத்தினார். அதன் பயனாக அடுத்த ஆண்டிலேயே கில்லிங்வொர்த் சுரங்கத்தின் எந்திரப் பொறுப்பு முழுவதும் அவருக்குக் கிடைத்தது.

அக்காலத்தில், சக்கரம் வழுக்கும் என்று அஞ்சிய பிளெங்கின்சாப் என்பவர், பல் வைத்த சக்கரத்தைப் பல் வைத்த பாதையில் ஓட்டினார். வைலத்தில் வில்லியம் எட்லி என்பார் ஒரு சோதனை வண்டி அமைத்தார். உள்ளிருந்தோர் கைப்பிடியைச் சுழற்ற, அதன் சக்கரங்கள் திரும்பின. வண்டியில் எடை கூட்டக் கூட்டப் பிடிப்பும் கூடியது. அதனால் பல் இல்லாமலே சக்கரம் பற்றும் என்பது விளங்கியது. ஸ்டீபன்சனும் இவ்வுண்மையையே நம்பி, 1814ஆம் ஆண்டில் தம் முதல் நீராவி வண்டியை ஓட்டினார். அது முப்பது டன் பளுவை மணிக்கு நான்கு மைல் விரைவில் சிறு ஏற்றத்தின்மேல் இழுத்தது.

நிற்கும் வண்டி புறப்பட்டு விரைவு பெறும்போது விசை இரு வேலை செய்தல் வேண்டும்: உருளும் தடையை வெல்லுதல் ஒன்று, பளுவுக்கு வேகம் ஊட்டுதல் மற்றொன்று. விரைவு சீரானபின் முதல் வேலை மட்டுமே எஞ்சும். ஆதலின் புறப்படும் வேளையிலேயே சக்கரத்தின் பிடிப்பு பெரிதும் சோதிக்கப்படுகிறது. ஸ்டீபன்சன் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒருசேரச் சுழலச் செய்தார். அதனால் அவற்றின்மேல் அழுந்தும் எடை முழுதும் பிடிப்புக்கு உதவிற்று.

அவர் இதனோடு அமையவில்லை. 1818இல் நிக்கோலஸ் உட் என்பவருடன் சேர்ந்து, விசையளவி கொண்டு வண்டி இழுக்கும் தடையை அளந்தார். நூறு அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில், வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்கு புதுத் தடையாகச் சேரும். சமதளத்தில் உருளும் தடையோ அதனினும் குறைவு. சிறு மேடும் எஞ்சினுக்குப் பெருஞ்சுமை என்பதை அளவு காட்டியது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையைச் சமமாக்குதலை அவர் தம் கொள்கையாகக் கொண்டார்.

1825ஆம் ஆண்டில் அவருக்குப் பெருஞ்சோதனை வந்தது. லிவர்ப்பூல், மான்செஸ்டர் நகரங்களை இணைக்கும் பாதைக்கு இசைவு வேண்டிப் பாராளுமன்றக் குழுவின்முன் நின்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவரைக் கேள்விகளால் துளைத்தனர். உதவியாளர் எடுத்த மட்ட அளவுகளில் பிழைகள் இருந்தன. அவற்றைச் சரிபாராது ஏற்றுக்கொண்டது அவர்தம் குறை. அளவையால் உயர்ந்தவர் அளவைப் பிழையால் தலைகுனிய நேர்ந்தது. மசோதா வீழ்ந்தது; அவர் பொறுப்பும் பறிபோயிற்று.

ஆயினும் அவர் உள்ளம் தளரவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் மக்களும் சரக்கும் நிறைந்த வண்டித் தொடரைத் தாமே ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டில் லிவர்ப்பூல் பாதைக்கு இசைவு கிடைக்க, பணி மீண்டும் அவரையே நாடி வந்தது. சாட் மாஸ் என்னும் சதுப்பு நிலத்தில் கொட்டிய மண்ணெல்லாம் புதைந்தது. அவர் மிலாறும் புதர்ச்செடியும் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்க வைத்தார். 1829இல் ரெயின்ஹில் போட்டியில், மகன் ராபர்ட் முன்னின்று உருவாக்கிய ‘ராக்கெட்’ எஞ்சின் 500 பவுன் பரிசை வென்றது. 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அப்பாதை திறக்கப்பட்டது.

1848ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஸ்டீபன்சன் மறைந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின், 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் ஓடியது.

மாடு மேய்த்த சிறுவர் மாபெரும் பொறியாளராக உயர்ந்தது, கற்க நாணாமையாலும், கருதியதைச் சோதித்து அளந்து துணியும் இயல்பாலும் ஆகும். தாமே அளந்ததால் வென்றார். பிறர் அளவைச் சரிபாராது ஏற்ற ஒரு முறை தோற்றார். தோல்வியை உணர்ந்து மீண்டும் பணியில் முனைந்தமையே அவருடைய வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.