எட்டு முறை படம் பிடித்தும் விழாத முகம்!
வடலூர் வள்ளலார் வாழ்க்கையில் ஒரு காமிரா

வள்ளலார் படத்தைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வெள்ளை ஆடை. தலையில் முக்காடு. சாந்தமான முகம். கடைகளிலும் வீடுகளிலும் மாட்டியிருக்கும் அந்தப் படம் போட்டோ அல்ல. ஓவியர்கள் எழுதியது.

வள்ளலார் வாழ்ந்த காலத்தில் சென்னையில் போட்டோ பிடிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவரைத் தேடி வந்து படம் பிடித்தும் பார்த்தார். ஆனால், முகம் விழவில்லை!

சிதம்பரத்தில் சிரித்த குழந்தை

சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1823-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ந் தேதி ராமலிங்கம் பிறந்தார். தந்தை ராமையா பிள்ளை, ஊர்க் கணக்கர். தாய் சின்னம்மை. ஐந்து குழந்தைகளில் கடைசிக் குழந்தை ராமலிங்கம்.

ஐந்து மாதக் குழந்தையைப் பெற்றோர் சிதம்பரம் கோவிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். ரகசியத் திரை விலகியதும் குழந்தை கலகலவென்று சிரித்ததாம். வடலூர்ப் பக்கத்தில் இந்தக் கதையை இன்றும் சொல்லுவார்கள்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் குழந்தைகளுடன் பொன்னேரிக்கும், பிறகு சென்னைக்கும் போனார். மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியோ பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினார்!

வீட்டு மாடியில் அவருக்கு ஒரு தனி அறை கிடைத்தது. சுவரில் கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி வைத்து, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விளக்கும் கண்ணாடியும் கடைசி வரை அவரை விடவில்லை.

சென்னை வாழ்க்கை சலித்தது. 1858-ம் ஆண்டு வாக்கில் சிதம்பரம் பக்கமே திரும்பினார். வடலூருக்கு அருகே கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி போய் வருவார். அவருடைய பாடல்கள் 1867-ல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சாயின. அதை எதிர்த்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் தரப்போடு ஏற்பட்ட பூசல் 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போயிற்று.

அணையாத அடுப்பு

1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி வடலூரில் தருமசாலை தொடங்கியது. பசி என்று வந்தவர்களுக்கெல்லாம் சோறு. என்ன சாதி என்ற கேள்வியே இல்லை. ஊர் மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

போட்டோக்காரர் வந்தார்

கூட்டம் பெருகவே, அன்பர்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. அய்யாவை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்! சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற போட்டோக்காரர் வந்தார். எட்டு முறை முயன்றார் என்றும், எட்டு முறையும் வெள்ளை ஆடை மட்டும் விழுந்தது, முகமும் கையும் காலும் விழவில்லை என்றும் வள்ளலார் வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

அந்தக் காலத்துப் போட்டோ இன்று போல லேசான வேலை அல்ல. பிலிம் கிடையாது. கண்ணாடித் தகடுதான். 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறை அது.

பஞ்சைத் திராவகத்தில் பக்குவம் செய்து, ஈதரிலும் சாராயத்திலும் கரைப்பார்கள். பசை போன்ற அந்தக் கரைசலைக் கண்ணாடி மேல் ஊற்ற வேண்டும். பிறகு, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டு நீரில் முக்க வேண்டும். ஈரம் காயுமுன் காமிராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னே கழுவியும் ஆகவேண்டும். தென்னாற்காட்டு வெயிலில் சில நிமிஷங்களிலேயே காய்ந்துவிடும்! அதனால் போட்டோக்காரர் போகும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும்.

பட்டனைத் தட்டினால் போதும் என்பதும் இல்லை. காமிராக் கண்ணின் மூடியைக் கையால் எடுத்து, வாயால் எண்ணி, மறுபடி மூட வேண்டும். எத்தனை எண்ணுவது? அதில்தான் தொழிலே இருக்கிறது. கோவிலென்றால் கவலை இல்லை. அது அசையாமல் நிற்கும். தஞ்சைப் பெரிய கோவிலை 1858-லேயே டிரைப் என்ற ராணுவ அதிகாரி அழகாகப் படம் பிடித்துவிட்டார். மனிதர்களோ பல விநாடி மூச்சை அடக்கி உட்கார வேண்டும். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு.

கழுவும் மருந்துக்கு அன்னபேதியும் காடிச்சத்தும் சேர்ப்பார்கள். வெயில் காலத்தில் அது வேகமாக வேலை செய்து தகடு முழுவதும் மூட்டம் போட்டுவிடும். வேகத்தைக் குறைக்க நீரைக் கூட்டுவார்கள், அல்லது காடிச்சத்தைக் கூட்டுவார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் தெரியாது. வெள்ளைத் துணி பளிச்சென்று விழும். நம் நாட்டு மாநிற முகம் கறுத்துப் போகும். முக்காட்டின் நிழலில் இருக்கும் முகம் கேட்கவே வேண்டாம். துணிக்குத் தக்கபடி எண்ணினால் முகம் இருளில் மறையும். முகத்துக்குத் தக்கபடி எண்ணினால் துணியின் மடிப்பெல்லாம் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிடும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, முக்காடும் போட்ட ஒருவரைப் பிடிப்பது அந்தக் காலப் போட்டோக்காரருக்குப் பெரிய சோதனைதான்.

அய்யாவின் மேனி ஒளிமேனி ஆகிவிட்டது, ஒளியைத் தகடு எப்படிப் பிடிக்கும் என்பார்கள் அன்பர்கள். தொழில் தெரிந்தவர்கள் எண்ணிக்கையும் மருந்தும் சரிப்பட்டிருக்காது என்பார்கள். ஆனால் எட்டுத் தகடுகளைச் செலவழித்த கைதேர்ந்தவர் எட்டு முறையுமா ஒரே கணக்கில் எண்ணியிருப்பார்? கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கமாட்டாரா? அந்தத் தகடுகள் இருந்தால் பார்த்துச் சொல்லலாம். ஒன்றுகூட இல்லை.

வள்ளலாருக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பண்ணுருட்டியிலிருந்து ஒரு குயவர் ஆசையோடு அவரைப் போலவே மண்பொம்மை செய்து கொண்டு வந்தார். வள்ளலார் அதை வாங்கி, பொன் மேனி மண் மேனி ஆயிற்றே என்று சொல்லிக் கீழே போட்டுவிட்டாராம். பொம்மை உடைந்தது. தம் உருவத்தை வைத்து யாரும் கும்பிடுவதை அவர் விரும்பவில்லை.

பூட்டிய அறை

அவர் கும்பிடச் சொன்னது ஒளியை. 1872-ம் ஆண்டு தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே சிலை இல்லை. ஏழு திரைகள். அவற்றுக்குப் பின்னே கண்ணாடி, ஒரு விளக்கு. தைப்பூசத்தில் திரைகள் ஒவ்வொன்றாக விலகும்போது சோதி தெரியும். இன்றும் லட்சக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள்.

1874-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் போனார். கதவைப் பூட்டச் சொன்னார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கலெக்டர் வந்து அறையைத் திறக்கச் செய்தார் என்றும், உள்ளே ஒன்றும் இல்லை என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். 1906-ல் வெளிவந்த சர்க்காரின் தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரோ, அறை இன்னும் பூட்டியே இருக்கிறது, அவர் திரும்பி வருவார் என்று அன்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது.