இமாம் ஷாபிஈ (ரஹ்) தேடிச் சென்ற ஆசான்

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கி வாணிபம் செய்யும் நண்பர் ஒருவர், அண்மையில் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். அவருடைய மகன் சட்டப் படிப்பை முடித்து, மேற்படிப்புக்கு முயன்று வருகிறான். பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் ஓராண்டுப் படிப்புக்கு இடம் கிடைக்கும். ஆனால், அவன் விரும்பும் நிலச் சட்டமும் வனச் சட்டமும் அங்கே ஓரிரு தாள்களோடு நின்றுவிடும். அவ்வளவாகப் பெயரில்லாத மற்றொரு கல்லூரியிலோ, அத்துறையிலேயே ஆயுளைச் செலவிட்ட பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், படிப்பு ஈராண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மனுச் செய்துவிட்டு, மேற்கொண்டு வழி தெரியாமல் நின்ற மலைவாழ் மக்களைத் தந்தையோடு சந்தைக்குச் சென்றபோதெல்லாம் பார்த்தவன் அந்தப் பிள்ளை. தந்தைக்குக் கல்லூரியின் பெயர் பெரிதாகப் படுகிறது. மகனுக்குப் பாடமே பெரிதாகப் படுகிறது.

நான் மத்ரஸாவில் ஓதியவன். இக்காலச் சட்டக் கல்லூரிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும், சட்டக் கல்விக்காக நாடு விட்டு நாடு சென்ற ஒரு மேதையின் வாழ்வை அவருக்கு எடுத்துரைத்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸா நகரில் பிறந்தார்கள். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் மறைந்த ஆண்டும் அதுவே. தந்தையை இழந்த அக்குழந்தையை அன்னையார் மக்காவுக்கு எடுத்து வந்து வறுமையிலே வளர்த்தார்கள். எழுதக் காகிதம் வாங்க வழியில்லை. எலும்புகளிலும், அரசு அலுவலகத்தில் கேட்டுப் பெற்ற பழைய ஏடுகளின் பின்புறத்திலும் பாடம் எழுதினார்கள். ஏறத்தாழப் பதினைந்து வயதிலேயே மக்காவின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித் (ரஹ்) அவர்கள் ஃபத்வா வழங்க அனுமதி அளித்துவிட்டார்கள். இன்றைய வழக்கிற் சொன்னால் முதற்பட்டம் கைக்கு வந்துவிட்டது.

அதோடு நில்லாமல், முவத்தா நூலை மனனம் செய்துகொண்டு மதீனா சென்று, அதன் ஆசிரியராகிய இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமே அதனை ஓதிக் காட்டினார்கள். அந்நாளில் அதனினும் உயர்ந்த பெயர் எது? மாலிக்கின் மாணவர் என்ற ஒரு சொல்லே எந்த ஊரிலும் மதிப்பைத் தேடித் தரும். ஹிஜ்ரி 179இல் ஆசான் மறைந்தபின், யமனில் அரசுப் பணியும் கிடைத்தது.

அங்கேதான் சோதனை வந்தது. ஆட்சிக்கு எதிரானவர்களோடு சேர்ந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, ஹிஜ்ரி 184இல் கலீஃபா ஹாரூன் ரஷீத் முன் கொண்டுசெல்லப்பட்டார்கள். உயிருக்கே ஆபத்தான அவ்வேளையில், இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான இமாம் முஹம்மது இப்னு ஹஸன் ஷைபானி (ரஹ்) அவர்கள் பரிந்து பேசியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

விடுதலை பெற்றவர் ஊர் திரும்பியிருக்கலாம். மதீனாவின் சிறப்புப் பெயர் இருக்கவே இருந்தது. ஆனால் ஹதீஸில் ஆழ்ந்திருந்த தமக்கு, கியாஸ் என்னும் ஒப்பீட்டு முறையிலும் வழக்குகளைக் கூறுபோட்டு ஆராயும் கலையிலும் இராக் அறிஞர்களின் பயிற்சி தேவை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே, தம் ஆசானின் பள்ளிக்கு எதிர்ப்பள்ளியாகக் கருதப்பட்ட இடத்தில், ஷைபானி அவர்களின் முன்னே மாணவராக அமர்ந்தார்கள். அறுபது தீனார் செலவிட்டு அவர்களின் நூல்களைப் பெற்று, ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் அதற்குரிய ஹதீஸைக் குறித்து ஆராய்ந்தார்கள். அறுபது பொற்காசுகள், அதுவும் ஓர் ஏழையின் கையிலிருந்து!

பாடம் கேட்டார்களே அன்றித் தலையாட்டவில்லை. சொத்து வழக்கில் ஒரே சாட்சி இருந்தால், அதனோடு வாதியின் சத்தியத்தையும் சேர்த்துத் தீர்ப்பளிக்கலாமா? மதீனாவார் கூடும் என்றனர்; இராக்கியர் கூடாது என்றனர். இதைக் குறித்து ஆசானோடே வாதிட்டார்கள். அந்த ஆசானும் முன்னர் மதீனா சென்று ஏறத்தாழ மூன்றாண்டுகள் இமாம் மாலிக்கிடம் முவத்தாவைக் கேட்டவர்களே. நமது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் கேரளத்து ஷாபிஈ மாணவர்களும் தமிழகத்து ஹனஃபி மாணவர்களும் ஒன்றாக ஓதியதை எண்ணும்போது, இப்பழைய உறவு என் நினைவுக்கு வருவதுண்டு.

பின்னர் இமாமவர்கள் மக்காவில் பாடம் நடத்தியபோது நடந்ததையும் கேளுங்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜுக்கு வந்திருந்தார்கள். முதுபெரும் ஹதீஸ் மேதை சுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்களின் சபையில் கூட்டம் அலைமோதிற்று. அங்கே அமர்ந்து ஹதீஸ் கேட்டோம் என்பதே பெருமை. இமாம் அஹ்மதோ அதை விட்டெழுந்து, இளைஞரான ஷாபிஈயின் சபைக்குச் சென்றுவிட்டார்கள். உடன் வந்தவர் கடிந்துகொண்டார். உயர்ந்த தொடரில் தவறவிட்ட ஹதீஸைச் சற்றுத் தாழ்ந்த தொடரிலேனும் பெற்றுக்கொள்ளலாம், இந்த இளைஞரின் அறிவைத் தவறவிட்டால் வேறெங்கே பெறுவது என்னும் கருத்துப்பட அவர்கள் விடையளித்தார்கள்.

நண்பர் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டார். நான் அவரை அங்கேயே விட்டுவிடவில்லை. ஆசானை நம்பிச் சேர்வதில் ஓர் அபாயமும் உண்டு. ஷாபிஈ அவர்கள் இராக் வந்த ஐந்தே ஆண்டுகளில், ஹிஜ்ரி 189இல், ஷைபானி அவர்கள் மறைந்துவிட்டார்கள். அதற்குள் நூல்களும் பயிற்சியும் கைக்கு வந்திருந்தன. உங்கள் மகன் நாடும் பேராசிரியர் ஈராண்டும் அங்கே இருப்பாரா, ஓய்வு பெறப் போகிறாரா, நூலகம் எப்படி என்று விசாரித்தீர்களா எனக் கேட்டேன். விசாரிக்கவில்லை என்றார். பெயரையும் நான் இகழவில்லை. மாலிக்கின் மாணவர் என்ற மதிப்போடுதானே ஷாபிஈ அவர்களும் இராக்கில் நுழைந்தார்கள்!

இரு பள்ளிகளின் கல்வியும் ஒருவரிடத்தே கூடியதனால்தான், சட்டம் எடுக்கும் முறையையே வகுத்துரைக்கும் ரிஸாலா என்னும் நூல் பிறந்தது. ஹிஜ்ரி 199இல் எகிப்து சென்றபின் அதனையும் திருத்தி எழுதினார்கள். தமது முந்தைய முடிவுகள் பலவற்றை மாற்றிக்கொண்டார்கள். அங்கே ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் குர்ஆன் கற்போர், அடுத்து ஹதீஸ் கற்போர், பிறகு வாதம் பயில்வோர், இறுதியில் மொழியும் கவிதையும் கற்போர் என நண்பகல்வரை மாணவர் அணிகள் மாறி மாறி வந்தன. ஹிஜ்ரி 204 ரஜப் மாதக் கடைசியில் (கி.பி. 820) அவர்கள் அங்கேயே வஃபாத்தானார்கள்.

நண்பரின் மகன் அந்தப் பேராசிரியரை நேரில் கண்டுவரப் புறப்பட்டிருக்கிறான். விண்ணப்பத்திற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.