ஒளியால் நோய் தீர்த்த மருத்துவர்

மர்பி டவுன் வீடுகளின் மொட்டைமாடியில், மார்கழிக் காலை வெயிலில் பூனை படுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிழல் நகர்ந்து வந்து தொட்டால், அது எழுந்து மீண்டும் வெயிலுக்கே செல்லும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர் இக்காட்சியைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்தார் என்பர். அவரே நீல்ஸ் ஃபின்சென்.

அவர் 1860ஆம் ஆண்டு ஃபரோ தீவுகளில் பிறந்தார். ஐஸ்லாந்தில் பள்ளிக்கல்வி பெற்றார். 1882இல் கோபன்ஹேகன் சென்றார். கல்வி முடியுமுன்பே தீராத நோய் ஒன்று அவரைப் பற்றியது. வெயில் படாத வீட்டில் வாழ்ந்த அவர், கதிரொளி உடலுக்கு என்ன செய்கிறது என்று ஆராயத் தொடங்கினார்.

அந்நாளில் தோலைத் தாக்கும் ஒருவகைக் காசநோய் ஐரோப்பாவில் பலரை வாட்டியது. பாக்டீரியாவால் உண்டாகும் அந்நோய் மூக்கையும் கன்னத்தையும் அரித்து முகத்தை உருக்குலைக்கும். நோயுற்றோர் பிறர் பார்வைக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கினர். 1895இல் ஃபின்சென் மின்வில் விளக்கின் ஒளியைக் குவித்து, அந்நோயுற்ற பொறியாளர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். சில மாதங்களில் புண் ஆறியது.

ஒளியைக் குவித்தால் வெப்பமும் குவியும், தோல் வெந்துவிடும். ஆகவே அவர் நீரைக்கொண்டு வெப்பத்தைத் தடுத்தார். குருதியும் ஒளியைத் தடுக்கும். எனவே படிகக்கல் வில்லையைத் தோலின்மேல் அழுத்தி, அவ்விடத்துக் குருதியை விலக்கச் செய்தார். செவிலியர் ஒருவர் நெடுநேரம் அதனை அசையாது பிடித்திருப்பார். ஒரு தடவைக்கு நாணயமளவு இடத்திற்கே சிகிச்சை செய்ய இயலும். முகம் தேறப் பல மாதங்கள் ஆகும். அச்செவிலியரின் பொறுமை பெரிது!

1896இல் அவர் பெயரால் ஒளிமருத்துவ நிலையம் அமைந்தது. அங்கே முதல் ஐந்தாண்டுகளில் சிகிச்சை பெற்ற 804 பேரில், நூற்றுக்கு 83 பேர் குணமடைந்தனர். 1903இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அவரால் அதனைப் பெற ஸ்டாக்ஹோம் செல்ல இயலவில்லை. பரிசுத் தொகையில் ஒரு பகுதியை அந்நிலையத்திற்கே அளித்தார். பிறர் நோயைத் தீர்த்த ஒளி அவர் நோயைத் தீர்க்கவில்லை. 1904இல், தம் 43ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒளிமருத்துவம் இந்தியாவிற்கும் வந்தது. கிரிக்கெட் வீரரும் மன்னருமான ரஞ்சித்சிங்கின் முயற்சியால், கதிரவனை நோக்கிச் சுழலும் சிகிச்சைக் கட்டடம் 1930களில் ஜாம்நகரில் எழுந்தது. பின்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வரவே, இம்முறை வழக்கொழிந்தது. இன்று அம்மருந்துகளுக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் தோன்றியுள்ளதால், அறிவியலாளர் மீண்டும் ஒளியை நாடுகின்றனர். ஃபின்சென் பயன்படுத்திய வில்லைகளை 2005இல் ஆராய்ந்தோர், அவர் அறியாத ஒன்றையும் கூறினர்: பாக்டீரியாவினுள் இருக்கும் போர்பிரின் என்னும் பொருளே ஒளியை ஏற்று, அப்பாக்டீரியாவையே அழித்திருக்கக்கூடும்.