சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

தோழர்களே! பள்ளிக்கரணையிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் விடுமுறை நாளில் பிள்ளைகுட்டிகளோடு மெரினாவுக்குப் போகிறோம். பாறையைப் புரட்டும் நால்வரின் சிலையைப் பார்க்கிறோம். அந்த உழைப்பாளர் சிலை 1959இல் வந்தது. அதற்கு 36 ஆண்டுகள் முன்பே உயிருள்ள உழைப்பாளரை அந்தக் கடற்கரை மணலில் திரட்டிக் காட்டினார் ஒருவர். அவர்தான் ம. சிங்காரவேலர்!

1860 பிப்ரவரி 18இல் சென்னையில் மீனவக் குடியில் பிறந்தார். குலத்தைக் கேட்டுவிட்டுத்தான் கல்வி கொடுத்த காலம் அது. அந்தக் காலத்தில் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார், சட்டம் பயின்றார், 1907இல் வழக்கறிஞரானார். பிறப்பால் பேதம் கற்பிக்காத புத்தரின் நெறி அவரை ஈர்த்தது. வாதத்தில் வல்லவர், வசதியில் குறையில்லாதவர். ஆயினும் 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கி, வழக்கறிஞர் அங்கியைத் தூக்கியெறிந்தார்.

அதே ஆண்டு பெரம்பூரில் பின்னி ஆலை வேலைநிறுத்தம். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் மாதக்கணக்கில் போராடியது. ஆகஸ்ட் 29இல் துப்பாக்கி வெடித்தது. தொழிலாளி செத்து விழுந்தான். துப்பாக்கியைவிடக் கொடிய ஒன்றும் அங்கே இருந்தது. சாதி! ஒரே ஆலையில் வேர்வை சிந்தியவர்கள், வெளியே வந்ததும் ஊரென்றும் சேரியென்றும் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. போராட்டம் தோற்றது. ஒன்றாய் உட்கார்ந்து உண்ண மறுத்தவர்கள் ஒன்றாய் நின்று வெல்வது எப்படி?

இந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற சிங்காரவேலர், உழைப்பவனுக்குச் சங்கம் மட்டும் போதாது, சொந்தக் கட்சியும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1923 மே 1! உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள். இந்தியாவின் முதல் மே நாள் அது. உழைப்பாளருக்கும் உழவருக்குமாக லேபர் கிசான் கட்சி அன்றுதான் பிறந்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டப்படியே ஆலைத் தொழிலாளி நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி வரை உழைக்கலாம் என்றிருந்த காலம்! மே நாளை விடுமுறையாக்க வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டார்கள். 1969இல் கலைஞர் ஆட்சி அதை ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக்கியது. தீர்மானம் சட்டமாக 46 ஆண்டுகள்!

அடக்குமுறை அவரைத் தேடி வந்தது. 1924இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமை மாநாட்டுக்கு அவரே தலைவர்! 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நம் தாம்பரம் வழியாக ஓடிய அதே ரயில்வேதான். நாகப்பட்டினம், போத்தனூர்ப் பட்டறைகளைப் பொன்மலைக்கு மாற்றி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் துணிந்தது நிர்வாகம். எதிர்த்து நின்ற சிங்காரவேலருக்கு வயது 68. கிடைத்ததோ பத்தாண்டுச் சிறைத் தண்டனை! அது பின்னர் குறைக்கப்பட்டு, 1930இல் வெளியே வந்தார்.

வந்தவர் ஓய்வு தேடவில்லை. தந்தை பெரியாரோடு கைகோத்தார். குடி அரசு ஏட்டில் அறிவியலை எழுதினார், மூடநம்பிக்கையைச் சாடினார். 1932இல் உருவான ஈரோட்டுத் திட்டத்தில் அவர் சிந்தனை பதிந்தது. வயிற்றுக்குச் சோறும் வேண்டும், மனிதனுக்கு மானமும் வேண்டும்; ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது. புளியந்தோப்பின் சாம்பல் சொன்ன பாடமும் அதுதானே! 1946 பிப்ரவரி 11இல் அவர் கண்மூடினார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயர் நிற்கிறது, பாடம் நிற்கிறதா? 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொடியின் நிறம் பாராமல் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் கொண்டாடிய முதல் மே நாளுக்குச் சரியாக நூறாண்டு! பிரிந்தபோது மாதக்கணக்கில் போராடியும் தோற்றோம். சேர்ந்தபோது பத்தே நாளில் வென்றோம்.

தோழனே! நிரந்தரத் தொழிலாளி என்றும் ஒப்பந்தத் தொழிலாளி என்றும் இன்று நம்மிடையே புதிய சுவர் எழும்புகிறது. குப்பை அள்ளுகிறவனும் கணினி முன் அமர்ந்திருப்பவனும் ஒருவரையொருவர் பாராமல் போகிறார்கள். அந்தச் சுவரை இடிக்காமல் சிங்காரவேலர் படத்துக்கு மாலை போட்டுப் பயனில்லை. உன் சங்கக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, உன் பக்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியையும் கைபிடித்து அழைத்துப் போ. அதுவே அவருக்கு நாம் செலுத்தும் வணக்கம்!