மூளை காத்த முன்னோடி

நம்ம ஆரணித் தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுச் சேர்த்துடலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழை அறுந்தால் பெரும்பாலும் மறுபடி வளராது. அந்த மூளையைக் காக்க உழைத்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி.

1922-ல் சீர்காழியில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் படித்து, இங்கிலாந்தின் நியூகாஸிலில் மூளை அறுவை சிகிச்சை பயின்றார். நம் பக்கத்து வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷமே ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் வர இன்னும் இருபது வருஷம் இருந்தது! உள்ளே என்ன என்பதை நோயாளியின் கை, கால், கண் அசைவை வைத்தே பெரிதும் கணிக்கணும்.

2003-ல் மறைந்தார். வண்டி எடுக்கும் தோழா, ஹெல்மெட்டையும் எடு. மூளைக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது!